அம்பாங்கில் எந்த லைன் நல்லா இருக்கும்?

அம்பாங்கிலிருந்து உலு லங்காட்டுக்குப் போகும் மலைச்சாலையில், முகட்டுக்குச் சற்று முன்னால், கோலாலம்பூரைக் கீழே விரித்துக் காட்டும் ஓர் இடம் இருக்கிறது. இரவில் இரட்டைக் கோபுர வெளிச்சத்தைப் பார்க்க இளவட்டங்கள் வண்டியை நிறுத்தும் இடம். கைப்பேசிக்கு அது வினோதமான இடமும்கூட. திரையில் கோடுகள் நிறைய இருக்கலாம். எடுத்த படத்தை அனுப்பப் போனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னும் கொஞ்சம் ஏறி, முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் வளைவுகளில் கோடுகளே கரையத் தொடங்கும். ஒரு பக்கத்தில் அளவுக்கு மேல் கைப்பேசிக் கோபுரங்கள் தெரிகின்றன. மறு பக்கத்தில் நகரத்துக் கோபுரங்கள் ஒன்றுகூடத் தெரிவதில்லை. இரண்டிலும் "லைன் சரியில்ல" என்றுதான் சொல்வோம். நோய்கள் வேறு வேறு.

கோபுரம் நிறையத் தெரிவது எப்படிக் கெடுதலாகும்? 4ஜி, 5ஜி வலையமைப்புகளில் ஒரு நிறுவனத்தின் பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்கள் பெரும்பாலும் ஒரே அலைவரிசையிலேயே பேசுகின்றன. சமவெளியில் கட்டடங்கள் ஒன்றையொன்று மறைப்பதால் நாலு தெரு தள்ளியிருக்கும் கோபுரம் உங்கள் காதில் விழாது. அந்த மறைப்பையும் நம்பித்தான் பொறியாளர்கள் வலையமைப்பை வரைகிறார்கள். மலையேறி நின்றால் மறைப்பு போய்விடுகிறது. பாண்டான் இண்டா, செராஸ், ஜாலான் அம்பாங் என்று நாலா பக்கத்துக் கோபுரங்களும் ஏறக்குறைய ஒரே பலத்தில் வந்து சேர்கின்றன. எதுவும் மற்றதைவிட ஓங்கி ஒலிப்பதில்லை. கோடுகள் காட்டுவது பெரும்பாலும் பலத்தை. வேகத்தைத் தீர்மானிப்பதோ தெளிவு. இருபத்தைந்தாவது மாடியில் நகரக் காட்சிக்காகக் கூடுதல் விலை கொடுத்துக் கொண்டோமினியம் வாங்கியவர், கீழே காவலாளி அறையில் ஓடும் வீடியோ தன் வீட்டில் ஏன் திக்குகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

முகட்டுக்கு அப்பால் நடப்பது எளிமையானது: நிழல். வானொலி அலை மலையை ஊடுருவாது. விளிம்பில் பட்டுக் கொஞ்சம் வளைந்து இறங்கும், அவ்வளவே. அப்படி வளைவதில் தாழ்ந்த அலைவரிசை கெட்டி. உயர்ந்த அலைவரிசை சோம்பேறி. உலு லங்காட் பக்கம் குடியிருப்புகள் சிதறிக் கிடப்பதால் கோபுரங்களும் இடைவெளிவிட்டே நிற்கின்றன. 1857இல் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆற்றுவழியே வந்து ஈயம் தேடியது இந்த மலையின் அம்பாங் பக்க அடிவாரத்தில்தான். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரம், வடக்கே கிள்ளான் கேட்ஸின் படிகப்பாறை முகடு, மேற்கே திறந்த பள்ளத்தாக்கு. ஈயத்தைக் கொண்டுவந்து சேர்த்த அதே நில அமைப்பு கைப்பேசிப் பொறியாளருக்குத் தலைவலி.

ஆகவே மமாக் கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் ஒருவர் கேட்டு, நால்வர் நாலு பதில் சொல்லிவிடுகிற கேள்வி — "அம்பாங்குல எந்த லைன் நல்லா இருக்கும்?" — அறிவியல்படி முழுமையில்லாத கேள்வி. எந்தத் தெருவில், எந்த மாடியில், எத்தனை மணிக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் அதற்குப் பதில் உண்டு. வேகம் என்பது நிறுவனத்தின் குணமல்ல. இடமும் நேரமும் நிறுவனமும் சேர்ந்து ஒரு கணத்துக்குப் பிறக்கும் எண் அது. அடுத்த கணம் வேறு எண். லைன் எட்டும் பரப்பு, வேகம், விலை என்ற மூன்றையும் தனித்தனியாகப் பட்டியலிட்டு ஒப்பிடுவதும் இதனால்தான் சரிப்படுவதில்லை. ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் கூடவே நகர்கின்றன.

எப்படி நகர்கின்றன என்பதை அலைவரிசையிலிருந்து தொடங்கலாம். மலேசியாவின் 5ஜி முக்கியமாக இரண்டு பட்டைகளில் ஓடுகிறது: 700 மெகாஹெர்ட்ஸ், 3,500 மெகாஹெர்ட்ஸ். முதல் அலையின் நீளம் 43 சென்டிமீட்டர், இரண்டாவதின் நீளம் 8.6 சென்டிமீட்டர். அலைவரிசை ஐந்து மடங்கு ஏறினால், ஒரே வகை ஆன்டெனாவில் வெட்டவெளியிலேயே வந்து சேரும் சக்தி இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். சுவர், மரம், மலைவிளிம்பு ஆகியவை பிடுங்கிக்கொள்வது இதற்கு மேல். அப்படியானால் எல்லாரும் 700இலேயே இருந்துவிட்டால் என்ன? அங்கே இடம் இல்லை. தாழ்ந்த பட்டைகளில் ஒரு வலையமைப்புக்குக் கிடைப்பது பத்து, இருபது, மிஞ்சினால் நாற்பது மெகாஹெர்ட்ஸ் அகலம். 3,500இல் நூறு மெகாஹெர்ட்ஸை ஒரே துண்டாக எடுக்கலாம். தூரம் போகும் அலைக்கு அகலம் இல்லை. அகலமான அலை தூரம் போவதில்லை. பரப்பும் வேகமும் மோதிக்கொள்ளும் இடம் இது. எந்த விளம்பரப் பலகையாலும் இதைச் சமாதானம் செய்துவைக்க முடியாது.

அகலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கிளாட் ஷானன் கணக்கு எழுதிவைத்தார். ஒரு வழித்தடத்தில் நொடிக்கு எத்தனை பிட் அனுப்பலாம் என்பதன் உச்சவரம்பு, அலைக்கற்றையின் அகலத்தோடு நேராக உயர்கிறது. சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தோடு மடக்கை வழியில்தான் உயர்கிறது. எண்ணில் சொன்னால் புரியும். சமிக்ஞை இரைச்சலைப்போல் 15 மடங்கு, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்றால் வரம்பு நொடிக்கு 80 மெகாபிட். விகிதம் மாறாமல் அகலத்தை இரட்டித்தால் 160. அகலத்தைத் தொடாமல் கோபுரத்தின் சக்தியை இரட்டித்தால் வெறும் 99. சக்தியால் மட்டுமே 160ஐ எட்ட வேண்டுமென்றால் பதினேழு மடங்கு கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டினால் அடுத்த தெருக் கோபுரத்துக்கு அது இரைச்சலாகிவிடும். 2021 டிசம்பர் இறுதியில் மலேசியா 3ஜி சேவையை மூடியதற்கும் இதுதான் அடிப்படை. அதே அலைக்கற்றை அகலத்தில் 4ஜி பல மடங்கு பிட்களைக் கொண்டுபோகும்போது, பழையதை வைத்துக் காப்பாற்றுவது விரயம். பழைய கைப்பேசி வைத்திருந்த தாத்தா பாட்டிகளுக்கு அந்த மாற்றம் சிரமமாக இருந்தது உண்மை. ஆனாலும் சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இந்த 80 மெகாபிட் உங்களுக்கு மட்டும் கிடைக்கும் எண் அல்ல. கோபுரத்தின் ஒரு முகத்தைப் பார்த்து இருக்கும் அத்தனை பேருக்கும் பொது. தாமானில் இரவு 9 மணிக்கு நாற்பது பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் தலைக்கு 2 மெகாபிட். விடியற்காலை 4 மணிக்கு ஒரே ஆள் விழித்திருந்தால் அவருக்கு 80. கோபுரம் மாறவில்லை, நிறுவனம் மாறவில்லை, பேக்கேஜும் மாறவில்லை.

இதைத் தமிழர்களுக்கு விளக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போனால் போதும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோகும் அந்த நாட்களுக்காக நிறுவனங்கள் தற்காலிகக் கோபுரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்துகின்றன. அப்படியும், காவடி படியேறும் நேரத்தில் திரையில் கோடு நிறைந்து நிற்க, வாட்ஸ்அப் செய்தி ஒற்றைக் குறியோடு தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பரப்பு இருக்கிறது, கொள்ளளவு இல்லை. எல்லாரும் நேரலை ஒளிபரப்புகிறார்கள் என்பது இன்னொரு சங்கடம். கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்கு ஏறும் பாதை பொதுவாக இறங்கும் பாதையைவிட மெலிந்தது. வலையமைப்புகள் பார்ப்பவர்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. முருகனைக் காட்டுகிறவர்களை அல்ல.

பங்கிடுவது எப்படி என்பதில் ஒரு நுட்பம் உண்டு. 4ஜி கோபுரம் ஒவ்வொரு மில்லிநொடிக்கும் யாருக்கு எவ்வளவு என்று புதிதாக முடிவெடுக்கிறது. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு எட்டில் இலை நிறைந்துவிடும். மண்டபத்தின் கடைசி மூலையில், தூண் மறைவில் உட்கார்ந்திருப்பவருக்கு அதே சோற்றைக் கொண்டு சேர்க்க நாலு நடை. அவரைக் கவனித்தால் மற்ற இலைகள் காத்திருக்கும். கவனிக்காவிட்டால் அவர் பட்டினி. சமிக்ஞை தெளிவாக இருக்கும் கைப்பேசிக்குக் கோபுரம் ஒரு குறியீட்டில் 8 பிட் வரை திணித்து அனுப்பும். தெளிவு குறைந்தால் 6, 4, கடைசியில் 2. எனவே மூலையில் இருப்பவர் குறைவாக வாங்கிக்கொண்டு அதிக நேரத்தைத் தின்கிறார். இருவருக்கும் நியாயமாகப் பிரிக்க, அவரவர் சராசரியாக எவ்வளவு பெற்றார், இந்தக் கணத்தில் அவரவரால் எவ்வளவு பெற முடியும் என்ற இரண்டையும் வகுத்துப் பார்க்கும் முறையைப் பொறியாளர்கள் பின்பற்றுகிறார்கள். உங்கள் வீட்டின் வேகம் பக்கத்து பிளாக்கின் தடித்த சுவரையும் பொறுத்திருக்கிறது என்பது இதிலிருந்து கிடைக்கும் விசித்திரமான உண்மை.

நிறுவனங்களை ஒப்பிடும் கதையில் மலேசியாவுக்கென்று தனியாக ஒரு திருப்பம் இருக்கிறது. பெரும்பாலான நாடுகளில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று 5ஜி கட்டியது. மலேசிய அரசு 2021இல் டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் என்ற நிறுவனத்தை அமைத்து, நாடு முழுக்க ஒரே 5ஜி வலையமைப்பு, மொத்த வியாபாரி ஒருவர், மற்றவர்கள் அவரிடம் வாங்கி விற்கலாம் என்றது. எரிக்சன் உபகரணங்களோடு 2021 டிசம்பர் 15இல் சைபர்ஜெயா, புத்ராஜெயா, கோலாலம்பூரின் சில பகுதிகளில் சேவை தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் முனகின. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 2022 அக்டோபரில்தான் கையெழுத்தாயின. மேக்சிஸ் கையெழுத்திட 2023 ஆகிவிட்டது. 2023 இறுதியில் 5ஜி சேவை மக்கள் வாழும் பகுதிகளில் 80 விழுக்காட்டை எட்டியதாக அறிவிக்கப்பட்டது.

இதன் விளைவை வாடிக்கையாளர்களில் பலர் கவனிக்கவே இல்லை. அந்த ஆண்டுகளில் அம்பாங் பாயிண்ட் கடைத்தொகுதியில் ஐந்து பேர் ஐந்து நிறுவனங்களின் 5ஜி-யை வைத்துக்கொண்டு "என்னுதுதான் வேகம்" என்று போட்டி போட்டால், ஐவரும் பேசிக்கொண்டிருந்தது ஒரே கம்பத்தின் ஒரே ஆன்டெனாவோடு. வேறுபாடு கம்பத்துக்குப் பின்னால்தான் இருந்தது: அவரவர் நிறுவனத்தின் மையக் கணினிகள், அங்கிருந்து இணையத்துக்குப் போகும் குழாய், வாடிக்கையாளர் வாங்கிய பேக்கேஜில் எழுதியிருந்த வேக வரம்பு. அறிவியல் சோதனையில் மற்றதையெல்லாம் மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார்களே, அதை ஒரு நாடு தெரியாமலேயே செய்து பார்த்தது போல. பெயர்ப்பலகையைப் பார்த்து வேகத்தை ஊகிக்கும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. அதே நேரம், பரப்பை முடிவு செய்தது அப்போதும் பழைய 4ஜி-தான். 5ஜி எட்டாத அறைக்குள் போனதும் கைப்பேசி சொந்த நிறுவனத்தின் 4ஜி கோபுரத்திடம் திரும்பி வரும். அங்கே ஐவருக்கும் ஐந்து விதி. ஒற்றை மொத்த வியாபாரி ஏற்பாடும் நிலைக்கவில்லை. இரண்டாவது 5ஜி வலையமைப்பு வரும் என்று 2023இல் அரசு சொன்னது. 2024 நவம்பரில் அந்தப் பொறுப்பு யூ மொபைலுக்குக் கொடுக்கப்பட்டது.

சொந்தக் கோபுரமே இல்லாத நிறுவனங்களும் உண்டு. 2009இல் வந்த டியூன் டாக், 2012இல் வந்த ரெட்ஒன் ஆகியவை செல்கோமின் கோபுரங்களை வாடகைக்குப் பிடித்துத் தொடங்கியவை. செல்கோமும் டிஜியும் 2022 நவம்பர் 30இல் ஒன்றாகி செல்கோம்டிஜி ஆயின. ஆக, அட்டையில் வெவ்வேறு பெயர் இருந்தாலும் வானத்தில் பறக்கும் அலை ஒன்றாக இருக்கலாம். வாடகைக்காரர் மலிவாகத் தருவது பொய்யல்ல. கடையும் விளம்பரமும் குறைவு, அவ்வளவுதான். நெரிசல் நேரத்தில் யாருக்கு முன்னுரிமை என்று வலையமைப்புக்குச் சொல்லிவைக்கும் வசதி தொழில்நுட்பத்தில் இருக்கிறது. அதை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை இரவு 9 மணி காட்டிவிடும், பகல் 11 மணி காட்டாது.

5ஜி எட்டியதாகச் சொன்ன அந்த 80 விழுக்காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. "மக்கள் வாழும் பகுதி" என்பது நிலப்பரப்பு அல்ல. காடும் மலைச்சாலையும் கணக்கில் வராமல் போகலாம். கிள்ளான் பள்ளத்தாக்கு போன்ற நெருக்கமான இடங்களை முடித்தாலே எண் சட்டென்று ஏறிவிடும். நிறுவனங்கள் வெளியிடும் வண்ண வரைபடங்களும் பெரும்பாலும் யாரும் நடந்து அளந்தவை அல்ல, கணினி ஊகித்தவை. அந்த ஊகத்தின் மூதாதை தோக்கியோவில் இருக்கிறது. யொஷிஹிசா ஒகுமுரா அங்கே வண்டியில் சுற்றி அளந்த முடிவுகளை 1968இல் வெளியிட்டார். 1980இல் மசஹாரு ஹத்தா அவற்றைச் சூத்திரமாக்கினார். நகரமா, புறநகரா, திறந்தவெளியா என்று சொன்னால், இத்தனை கிலோமீட்டரில் இவ்வளவு இழப்பு என்று சூத்திரம் சொல்லும். பின்னர் வந்தவர்கள் மலை, கட்டட விவரங்களைச் சேர்த்து நிறையத் திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் உங்கள் சமையலறைக்கும் கோபுரத்துக்கும் இடையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை எந்தச் சூத்திரத்துக்கும் தெரியாது. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடியையும் தெரியாது. அந்தப் பூச்சு 20 முதல் 30 டெசிபல் வரை விழுங்கும், அதாவது நூறில் ஒரு பங்கு முதல் ஆயிரத்தில் ஒரு பங்குவரைதான் உள்ளே விடும்.

மழையை மட்டும் அநியாயமாகத் திட்டுகிறோம். அம்பாங்கில் பிற்பகல் இடிமழை பிடித்துக்கொண்டால் "மழை, அதான் லைன் போச்சு" என்பார்கள். மணிக்கு 100 மில்லிமீட்டர் கொட்டினாலும் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலை கிலோமீட்டருக்கு ஒரு டெசிபலில் சிறு பகுதியைத்தான் இழக்கும். 28,000இல் போனால் அதே மழையில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 18 டெசிபல் போய்விடும். கண்ணாடியிழை எட்டாத கோபுரங்கள் ஒன்றோடொன்று பேச உயர் அலைவரிசைத் தட்டுகளைப் பயன்படுத்துகின்றன. மழை அறுப்பது அந்தப் பின்பக்க இணைப்பை. மழை வந்ததும் எல்லாரும் வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரே நேரத்தில் கைப்பேசியைத் திறப்பதும் ஒரு காரணம்.

வேகத்தைப் பற்றி வெளிவரும் சராசரிகளிடம் இன்னும் கவனம் தேவை. 2020இல் அரசு அறிவித்த ஜெண்டெலா திட்டத்தின் முதல் கட்ட இலக்கு, 2022க்குள் 4ஜி பரப்பு 96.9 விழுக்காடு, சராசரி வேகம் 35 மெகாபிட். ஒன்பது பேருக்கு 20, ஒருவருக்கு 500 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 68. இலக்கை ஏறக்குறைய இரட்டித்துவிட்டோம். ஒன்பது பேருக்கு அது கனவு. வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் 20 என்பார். நடுவில் நிற்பவரின் எண்ணைக் கேளுங்கள்; அதைவிட நல்லது, கடைசிப் பத்து விழுக்காட்டினரின் எண்ணைக் கேளுங்கள். அதை விளம்பரத்தில் போட எந்த நிறுவனமும் முன்வருவதில்லை.

இனி வெள்ளிக் கணக்கு. ஒரு நிறுவனத்தின் செலவில் பெரும்பகுதி கோபுர வாடகை, மின்சாரம், அலைக்கற்றைக் கட்டணம், உபகரணம். நீங்கள் ஒரு கிகாபைட் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அந்தச் செலவு ஓடிக்கொண்டே இருக்கும். விடியற்காலை 4 மணிக்கு நீங்கள் இறக்கும் கிகாபைட்டால் அவர்களுக்குக் கூடுதல் செலவு கிட்டத்தட்டச் சுழியம். இரவு 9 மணிக்கு இறக்கும் அதே கிகாபைட் இன்னொருவரின் இடத்தைப் பிடிக்கிறது. ஆனால் பேக்கேஜ்கள் பெரும்பாலும் மணியைப் பார்ப்பதில்லை, கிகாபைட்டைத்தான் எண்ணுகின்றன. இதில் ஒரு வேடிக்கை: 10 கிகாபைட் வாங்கி, 500 மெகாபிட் வேகத்தில் முழு மூச்சாக இழுத்தால் மாதக் கணக்கு 160 நொடியில் முடிந்துவிடும். அதற்கு எதிர்ப்பக்கம், 3 மெகாபிட் வரம்போடு "அளவில்லாத" பேக்கேஜ். அதில் ஒரு மணி நேரம் இடைவிடாமல் இழுத்தால் 1.35 கிகாபைட். கைப்பேசித் திரையில் நாடகம் பார்க்க, சென்னையில் இருக்கும் அக்காவோடு முகம் பார்த்துப் பேச அது போதும். பெரும்பாலான குடும்பங்களுக்கு வேக வரம்புள்ள பேக்கேஜே நேர்மையான வியாபாரம் என்பது என் கட்சி. நெரிசலை உண்டாக்குவது அளவு அல்ல, ஒரே நேரத்தில் இழுக்கும் வேகம்தான். ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு வைத்திருக்கிறார்களா என்று மட்டும் சிறிய எழுத்தைப் படித்துவிடுங்கள்.

சென்னையிலிருக்கும் அக்காவின் முகம் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தால் நிறுவனத்தைத் திட்டவும் வேண்டாம். கோலாலம்பூரிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 2,600 கிலோமீட்டர். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப, 26 மில்லிநொடிக்குக் குறையாது. கடலடிக் கம்பி நேர்கோட்டில் போவதுமில்லை. 5ஜி வந்தாலும் 10ஜி வந்தாலும் இந்த எண் இறங்காது.

மலிவு எங்கே போய் முட்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பாடம் இருக்கிறது; அதன் ஒரு முனை நம் பிரிக்பீல்ட்ஸில். அங்கே 1938இல் பிறந்து, விவேகானந்தா தமிழ்ப் பள்ளியில் படித்த ஆனந்த கிருஷ்ணன் உருவாக்கியதுதான் 1995இல் சேவை தொடங்கிய மேக்சிஸ். 2024 நவம்பரில் அவர் மறைந்தார். அவருடைய மேக்சிஸ், தமிழ்நாட்டில் 1999இல் தொடங்கிய ஏர்செல்லின் 74 விழுக்காட்டை வாங்கியது. ஏர்செல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்த பெயர். 2016 செப்டம்பரில் ஜியோ நுழைந்து விலையைத் தரையில் இறக்கியது. வாடிக்கையாளருக்குக் கொண்டாட்டம். 2018 பிப்ரவரியில் கோபுர நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பாக்கி முற்றி, தமிழ்நாடெங்கும் ஏர்செல் கோபுரங்கள் வரிசையாக அணைந்தன. நேற்றுவரை நாலு கோடு காட்டிய கைப்பேசி ஒரே நாளில் ஊமையானது. அந்த மாத முடிவில் நிறுவனம் திவால் மனுவோடு நின்றது. பரப்பு என்பது மலை போல நிலையாக நிற்கும் பொருளல்ல. மாதாமாதம் வாடகை கட்டிக் காப்பாற்றப்படுவது. வாடிக்கையாளர் கொடுக்கும் வெள்ளியில்தான் அந்த வாடகை இருக்கிறது.

இந்த இடத்தில் கோபுர எதிர்ப்பையும் சொல்லியாக வேண்டும். கோபுரம் வேண்டாம் என்று மனுவில் கையெழுத்திடுவதும், லைன் இல்லை என்று புகார் கொடுப்பதும் பல தாமான்களில் ஒரே குடும்பமாக இருக்கிறது. குடியிருப்புக்குள் கோபுரம் நெருங்கி இருந்தால் கோபுரமும் கைப்பேசியும் இரண்டுமே மெல்லப் பேசினால் போதும். தூரத்தில் இருந்தால் காதோரம் வைத்திருக்கும் கைப்பேசிதான் உரக்கக் கத்த வேண்டும். கதிர்வீச்சுக்கு அஞ்சுகிறவர் கோபுரத்தைத் துரத்துவதால் தனக்கு எதிராகவே வாதாடுகிறார்.

சரி, அம்பாங்வாசி என்ன செய்யலாம்? வரைபடத்தையும் நண்பரின் அனுபவத்தையும் தொடக்கக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய எண்ணை விட்டுவிடாமல், சந்தேகப்படும் நிறுவனத்தின் மலிவான முன்கட்டண அட்டை ஒன்றை இரண்டாவது சிம்மாகப் போடுங்கள். கோடுகளை நம்பாதீர்கள், எத்தனை பலத்துக்கு எத்தனை கோடு என்று எல்லாக் கைப்பேசிகளுக்கும் பொதுவான விதி கிடையாது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் அமைப்புகளில் சிம் நிலவரம் என்ற பகுதியில் சமிக்ஞை பலம் மைனஸ் எண்ணாகத் தெரியும். 4ஜி-யில் மைனஸ் 80ஐ ஒட்டி இருந்தால் நன்று. மைனஸ் 100 சுமார். மைனஸ் 115க்குக் கீழே போனால் அந்த அறையில் அந்த நிறுவனத்தை மறந்துவிடலாம். மைனஸ் 90க்கும் மைனஸ் 110க்கும் இருபதுதான் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம், நூறு மடங்கு.

படுக்கையறை, சமையலறை, பிள்ளை படிக்கும் மேசை, வேலைக்குப் போகும் எல்.ஆர்.டி. பாதை ஆகியவற்றில் பாருங்கள். அம்பாங் தடம் தரைமேல் ஓடுவதால் அங்கே நகரக் கோபுரங்களே போதும். அம்பாங் பார்க் நிலையமோ — அது அம்பாங்கிலேயே இல்லை, ஜாலான் அம்பாங்கின் நகர முனையில் இருக்கிறது — நிலத்தடியில் இருப்பது. அங்கே உள்ளே தனியாக மாட்டிய ஆன்டெனாக்களை நம்பித்தான் எந்த நிறுவனமும் வாழ்கிறது. பிறகு இரவு 9 மணிக்கு, வாரநாள் ஒன்றிலும் ஞாயிற்றுக்கிழமையிலும், வேகச் சோதனையை ஓட்டுங்கள். உச்ச எண்ணைக் குறிக்க வேண்டாம். ஆகக் குறைந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 5 மெகாபிட்டுக்கு மேல் நிற்கும் நிறுவனங்களை மட்டும் தேர்ந்து, அவற்றுள் மலிவானதை எடுங்கள். விளம்பரத்தில் எழுதியிருக்கும் பெரிய எண்ணைக் கடைசியில், மனமிருந்தால் பாருங்கள்.

முடிவெடுத்த பிறகு எண்ணை இழக்க வேண்டியதில்லை. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி மலேசியாவில் 2008 முதல் இருக்கிறது. 012 என்று தொடங்கும் எண்ணை வைத்துக்கொண்டு எந்த நிறுவனத்துக்கும் போகலாம். பழைய முன்கட்டணக் கணக்கில் மிச்சமிருக்கும் வெள்ளி மட்டும் எண்ணோடு கூட வராது. அதைப் பேசித் தீர்த்துவிட்டு மாறுங்கள்.